ஓட்டத் தெரியாதவன் திராஷர் சட்டை போடலாமா?

சிப்புட் பையன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 19. மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போனால் வரும் ஒரு தோட்டத்தில் பிறந்தேன், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்தான் வளர்ந்தேன். இப்போது டவுன் பக்கம் தாமான் என்ற குடியிருப்பில் இருக்கிறோம், அப்பா மட்டும் இன்னும் அதே தோட்டத்துக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டப் போய்வருகிறார். இரண்டு வாரமாக ஒரு விஷயம் மனதை அறுக்கிறது. வீட்டில் சொன்னால் ஒரு சட்டைக்கா இவ்வளவு என்பார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

டவுனில் ஒரு பண்டல் கடை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணி, மலை மாதிரி குவித்து வைத்திருப்பார்கள், நாமே கிளறி எடுக்க வேண்டும். போன தீபாவளிக்கு முன்னால் அங்கே ஒரு கறுப்புச் சட்டை கிடைத்தது. நெஞ்சில் நெருப்பு எரிகிற மாதிரி எழுத்தில் திராஷர் என்று போட்டிருந்தது. எட்டு வெள்ளி (ரிங்கிட்). கழுத்துப்பக்கம் கொஞ்சம் நைந்திருந்தாலும் துணி நல்ல கனம். அது ஸ்கேட்போர்டு பத்திரிகை ஒன்றின் பெயர் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, எழுத்து பிடித்தது, வாங்கினேன், அவ்வளவுதான். அப்புறம்தான் தேடிப் படித்தேன். காணொளிகள் பார்க்க ஆரம்பித்தேன், ராத்திரி ஒரு மணி வரைக்கும் பார்ப்பேன். ஒருவன் படிக்கட்டுக்கு மேலே பறந்து வந்து விழுவான், எழுந்து திரும்ப ஏறுவான், திரும்ப விழுவான், முழங்கை எல்லாம் ரத்தம், கடைசியில் ஒரு தடவை சரியாக இறங்கிவிடுவான். சுற்றி நிற்பவர்கள் கத்திக்கொண்டு தங்கள் போர்டைத் தரையில் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குக் கண் கலங்கும்.

ஆனால் நான் ஒரு நாளும் போர்டில் ஏறி நின்றதில்லை. போர்டு வாங்கக் காசு இல்லை. தாமான் ரோடும் குண்டும் குழியும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வேலையாக ஈப்போ போயிருந்தேன். பையன்கள் ஸ்கேட் ஓட்டும் இடம் ஒன்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தச் சட்டையோடு. ஒருவர் வந்தார், என்னைவிட மூத்தவர். சட்டையைக் காட்டி, மூன்று ஸ்கேட்டர் பெயர் சொல் என்றார். டோனி ஹாக், ராட்னி முல்லன், நைஜா ஹியூஸ்டன் என்றேன். சரி, ஒரு ஆலி அடித்துக் காட்டு என்று தன் போர்டைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். தெரியாது என்றேன். "தெரியாதுன்னா இதை ஏன் போட்டிருக்க? போசர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போசர் என்றால் வேஷக்காரன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். பஸ்ஸில் வரும்போது பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்து எழுத்தை மறைத்துக்கொண்டே வந்தேன்.

சட்டை இப்போது அலமாரியில் கிடக்கிறது. அவர் சொன்னது சரியா? ஒரு கூட்டம் ரத்தம் சிந்தி உண்டாக்கிய அடையாளத்தை, எழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக வெளியாள் ஒருவன் மாட்டிக்கொள்வது தப்பா? உண்மையாகச் சொல்லுங்கள், எனக்கு ஆறுதல் வேண்டாம்.

—

நாலு சக்கரம் (ஈப்போ) எழுதியது:

தம்பி, நான் ஈப்போ ஆள். வயது 34, பதினைந்து வயதிலிருந்து ஓட்டுகிறேன். அந்த மனிதர் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் எங்கள் கூட்டத்தில் ஒருவர் செய்தது என்பதால் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பார்க்க வந்தவன் பக்கம் போர்டைத் தள்ளிப் பரீட்சை வைப்பது அசிங்கமான வேலை. கையில் எதையும் பிடிக்காமல் போர்டோடு சேர்ந்து எம்புவதுதான் ஆலி, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், எனக்கு அது வர மூன்று மாதம் ஆனது.

உண்மையைச் சொல்லச் சொன்னாய், அதனால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்கிறேன். திராஷர் 1981இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. அந்த நேரத்தில் அமெரிக்காவில் ஸ்கேட்போர்டு கிட்டத்தட்டச் செத்துப் போயிருந்தது. எழுபதுகளில் கட்டிய ஸ்கேட் பூங்காக்கள் காப்புறுதிச் செலவு தாங்காமல் ஒவ்வொன்றாக மூடின, பலவற்றை இடித்தே தள்ளினார்கள். ஊர் எல்லாம் விட்டுவிட்ட பிறகும் விடாமல் இருந்த கொஞ்சம் பேர், தெருவிலும் வீட்டுப் பின்னால் பலகை அடித்துச் செய்த சாய்தளத்திலும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மிச்சம் பேருக்காக வந்த பத்திரிகை அது. சக்கரத்தையும் பலகையையும் பிணைக்கும் இரும்புப் பாகத்தை டிரக் என்போம், இன்டிபென்டன்ட் என்ற பெயரில் அதைச் செய்துகொண்டிருந்த ஃபாஸ்டோ விட்டெல்லோவும் எரிக் சுவென்சனும்தான் ஆரம்பித்தார்கள். நார்வேயில் 1978 முதல் 1989 வரை ஸ்கேட்போர்டுக்கே தடை இருந்தது தெரியுமா? அங்கே பையன்கள் காட்டுக்குள் ஒளித்து வைத்து ஓட்டினார்கள். அப்படி ஒரு காலத்தில் அந்தச் சட்டையைப் போட்டவனைப் பார்த்தால் நம் ஆள் என்று தெரியும், தெரியாத ஊரில்கூடப் படுக்க இடம் கேட்கலாம்.

முப்பது வருடம் கழித்துப் பாடகர்களும் மாடல்களும் அதே சட்டையைப் போட ஆரம்பித்தார்கள். பத்திரிகை ஆசிரியர் ஜேக் ஃபெல்ப்ஸ் 2016இல் ஒரு பேட்டியில் ஜஸ்டின் பீபர், ரியானா பெயரைச் சொல்லியே திட்டினார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பதினேழு வயதில் ஒரு மால் வாசலில் ஓட்டிக்கொண்டிருந்தபோது காவலாளி என் போர்டைப் பிடுங்கிக்கொண்டார், சாயங்காலம் வரை உட்கார வைத்துவிட்டுத்தான் கொடுத்தார். அதே மாலுக்குள் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொம்மைக்கு ஸ்கேட் சட்டை மாட்டி, கையில் ஒரு போர்டும் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பொம்மையை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் உடுப்பு எங்களுக்கு வேலைச் சாமான். போர்டின் மேலே உப்புத்தாள் மாதிரி ஒரு தாள் ஒட்டியிருக்கும், கால் வழுக்காமல் இருக்க. ஆலி அடிக்கும்போது முன்கால் காலணியின் பக்கவாட்டு அதன் மேல் உரசிக்கொண்டு போகும், துணிக் காலணி என்றால் சீக்கிரமே ஓட்டை. அதனால்தான் லேசில் தேயாத சுவேட் தோல், போர்டில் கால் பிடித்து நிற்கத்தான் தட்டையான ரப்பர் அடிப்பாகம். வேன்ஸ் 1966இல் கலிபோர்னியாவின் அனஹைமில் தொடங்கிய கடை, ஸ்கேட்டர்கள் ஒரு காலை மட்டும் தேய்த்துவிட்டு வருவதைப் பார்த்து ஒற்றைக் காலணியாகவே விற்றார்கள். 1976இல் ஈரா என்ற காலணியை டோனி அல்வா, ஸ்டேசி பெரால்டா என்ற இரண்டு ஸ்கேட்டர்களின் யோசனையைக் கேட்டுச் செய்தார்கள். இந்தக் கதை ஒன்றும் தெரியாமல் யாராவது போட்டால் எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

உன்னைச் சொல்லவில்லை தம்பி. நீ ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறாய்.

—

பால்மரத்து மகள் எழுதியது:

நான் ஸ்கேட்போர்டு பக்கம் போனதில்லை, பிள்ளைகள் பார்ப்பதைப் பார்த்ததோடு சரி. ஆனால் உடுப்பைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. எனக்கு வயது 52, கோலக்கங்சார் பக்கம். 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று எங்கள் டவுனில் இன்னும் நிற்கிறது, வேலி போட்டுப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள், ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் அம்மா அந்த மாதிரி மரங்களின் பட்டையைப் பாலுக்காக 31 வருடம் வெட்டினார்.

விடியும் முன்னால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார், நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு தன் மர வரிசையான நிரைக்குள் நுழைவார். குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும். அம்மா போட்டது அப்பாவின் பழைய நீளக்கைச் சட்டை, கைலிக்கு மேல் ஒரு சாக்கு, தலையில் துண்டு, காலில் கறுப்பு ரப்பர் காலணி. சட்டையில் பால் பட்டுப்பட்டுக் காய்ந்து மரப்பட்டை மாதிரி விறைத்துப் போகும். அந்தக் கறை துவைத்தால் போகாது. உறைந்துபோன ஒட்டுப்பாலின் வாடை அதைவிட மோசம், குளித்தாலும் கையில் நிற்கும். டவுனுக்குப் போக பஸ் ஏறினால் அம்மா பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நான் சின்னப் பிள்ளை, நானும் கொஞ்சம் தள்ளியே நின்றிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

அந்தக் கறுப்புக் காலணியை எல்லாரும் அடிடாஸ் கம்போங், அதாவது கிராமத்து அடிடாஸ் என்பார்கள். முழுக்க ரப்பர், ஒரே வார்ப்பு, கயிறு கிடையாது, அடியில் குமிழ் குமிழாக இருக்கும், சேற்றில் வழுக்காது, தண்ணீர் புகுந்தால் கழற்றிக் கொட்டிவிட்டு நடக்கலாம். இப்போது மலை ஏறுகிறவர்களும் காட்டு ஓட்டம் ஓடுகிறவர்களும் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். கொஞ்ச வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய வண்டியில் கோலாலம்பூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள், எல்லார் காலிலும் அது. ஒரு பெண் காலைத் தூக்கிக் காட்டி, எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள் என்று படம் எடுத்தாள். எனக்கு முகம் சூடேறிவிட்டது. என் அம்மா காலில் இருந்தபோது அதை யாரும் அழகு என்று சொல்லவில்லை.

தம்பி, உன்னிடம் போர்டைத் தள்ளினாரே, அவருக்கு உள்ளே இருந்ததும் அன்றைக்கு எனக்கு இருந்ததும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். காலணியை அவர்கள் போட்டது எனக்கு வலிக்கவில்லை. பஸ்ஸில் அம்மா தனியாக உட்கார்ந்து வந்தாரே, அந்தக் கணக்கு தீரவே இல்லையே என்பதுதான் வலித்தது. அந்தப் பெண் பிறந்தே இருக்க மாட்டாள் அப்போது. அவளிடம் கோபப்பட்டு என்ன கிடைக்கும்? அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு பையன் மட்டும் வந்து, அக்கா, இதைப் போட்டுக்கொண்டுதான் மரம் வெட்டுவார்களா என்று கேட்டான். முக்கால் மணி நேரம் நின்று பேசினோம். நிரை என்றால் என்ன, ஏன் கோடு சாய்வாக இழுக்க வேண்டும், கத்தியை எப்படித் தீட்டுவது, எல்லாம் கேட்டான். அவன் காலில் அதைப் பார்க்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நாலு சக்கரம் தம்பிக்கும் ஒன்று. என் மகன் போடும் கால்சட்டை டிக்கிஸ், ஸ்கேட்டர்கள் போடுவது என்றான். அது 1922இல் டெக்சாசில் தொடங்கிய கம்பெனி, தொழிலாளிகள் வேலைக்குப் போட்டுப் போக உடுப்புச் செய்தது. கார்ஹார்ட் இன்னும் பழையது, 1889, டெட்ராய்ட், ரயில்வே ஆட்களுக்காக. விலை மலிவு, துணி கனம், விழுந்தாலும் லேசில் கிழியாது என்றுதான் உங்கள் ஆட்கள் எடுத்துப் போட்டார்கள். ஆணி அடிக்கத் தெரியுமா, செங்கல் அடுக்கத் தெரியுமா என்று அப்போது அவர்களை யாராவது கேட்டார்களா?

—

கம்பார் ரோடு எழுதியது:

ஒரு சட்டைக்கு இவ்வளவு எழுத்து எனக்குப் புரியவில்லை. எட்டு வெள்ளி கொடுத்தாய், உன் சட்டை, போடு. வேன்ஸை 2004இல், டிக்கிஸை 2017இல், ஸ்கேட் உடுப்புக் கடையான சுப்ரீமை 2020இல் என்று மூன்றையும் ஒரே அமெரிக்கக் கம்பெனிதான் வாங்கியது, சுப்ரீமுக்கு மட்டும் 210 கோடி டாலர். அப்புறம் என்ன அசல், என்ன போலி? அப்போது யார் போட்டாலும் காசு ஒரே பெட்டிக்குத்தான் போனது.

—

நாலு சக்கரம் (ஈப்போ) எழுதியது:

கம்பார் ரோடு அண்ணே, கம்பெனி யார் கையில் இருக்கிறது என்பது வேறு, நான் சொல்வது வேறு. சுப்ரீம் 1994இல் நியூயார்க்கில் லாஃபயட் தெருவில் ஒரு சின்னக் கடையாகத்தான் இருந்தது, போர்டோடு உள்ளே ஓட்டிக்கொண்டே வரட்டும் என்று நடுவில் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்த பையன்களால்தான் பெயர் வந்தது. 210 கோடி கைமாறியபோது அவர்களில் எத்தனை பேருக்கு என்ன கிடைத்திருக்கும்? எல்லாம் ஒரே பெட்டி என்று சொல்லிவிட்டுப் போனால் அந்தப் பையன்களையும் சேர்த்து அழித்துவிடுகிறோம். அது எனக்குச் சம்மதம் இல்லை.

அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். டிக்கிஸ் போட்டுத்தான் நானும் இத்தனை வருடம் ஓட்டுகிறேன், அது யாருடைய வேலை உடுப்பு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. என் தாத்தாவும் பால் மரம் வெட்டினவர், பீடோர் பக்கம். அவர் எந்தச் சட்டை போட்டார் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் இன்றைக்குக் கேட்கிறேன்.

—

சிப்புட் பையன் எழுதியது:

அக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. அப்பாவின் அடிடாஸ் கம்போங் வாசலில்தான் கிடக்கிறது, தினமும் தாண்டித்தான் போகிறேன். நேற்று சாயங்காலம் எடுத்துக் கழுவி வைத்தேன். அடியில் குமிழ் எல்லாம் தேய்ந்து ஒரு பக்கம் மொழுக்கென்று இருக்கிறது. ஏன் வலது கால் மட்டும் இப்படி என்று கேட்டேன். குலை வெட்டும்போது அண்ணாந்து அந்தக் காலில்தான் பாரம் போட்டு நிற்பாராம், உளிக் கம்பை மேலே குத்தும்போது அது திருகுமாம். இத்தனை வருடத்தில் அவர் வேலையைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

கம்பார் ரோடு அண்ணே, நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் அது போதுமானதாக இல்லை. காசு கொடுத்தது மட்டும்தான் காரணம் என்றால் பஸ்ஸில் அதை மறைத்திருக்க மாட்டேன்.

நான் யோசித்த வரைக்கும், சட்டையைத் தூக்கிப் போட எனக்கு மனம் இல்லை. சும்மா போட்டுக்கொண்டு திரியவும் மனம் இல்லை. ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் பழைய தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகை ஒன்று இருக்கிறது, செம்பனைக்கு மாறிய பிறகு சும்மாதான் கிடக்கிறது, உள்ளே சிமெண்டுத் தரை, பாட்டி காலத்தில் வாளியோடு வரிசையில் நின்ற இடம். கொஞ்சம் சொரசொரப்பு, அங்கங்கே விரிசல். அதில் ஓட்ட முடியுமா? 19 வயதில் ஆரம்பிப்பது ரொம்பத் தாமதமா?

—

நாலு சக்கரம் (ஈப்போ) எழுதியது:

தாமதம் எல்லாம் இல்லை. போர்டு இல்லை என்பதும் தடை இல்லை. 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கின மார்ஜிலின் டிடால் பிலிப்பைன்சில் தச்சு வேலை செய்பவரின் மகள், சொந்த போர்டு வாங்க வசதி இல்லாமல் ஆரம்பித்தவர். நீ பதக்கத்துக்கு ஓட்டப் போவதில்லை, அதனால் இன்னும் சுலபம்.

தரையைப் பற்றி: சக்கரத்துக்குக் கடினக் கணக்கு உண்டு. வழவழப்பான தரைக்கு 99, 101 என்று கல் மாதிரி இருப்பதைப் போடுவோம், சொரசொரப்புக்கு 78இலிருந்து 87 வரை மெத்தென்று இருப்பது நல்லது, சின்னக் கல் தடுக்கினாலும் உன்னைத் தூக்கி எறியாது. விரிசலைச் சிமெண்டுக் கலவை வைத்து அடைத்துவிடலாம், நான் ஒரு பை கொண்டுவருகிறேன். என்னிடம் பழைய பலகை ஒன்று இருக்கிறது, நுனி கொஞ்சம் சிதைந்திருக்கும், உள்ளே ஏழு அடுக்கு மேப்பிள் மரம் நன்றாகத்தான் இருக்கிறது. மெத்துச் சக்கரம் மாட்டித் தருகிறேன். முதலில் தோட்டத்து மேற்பார்வையாளரான தண்டலிடம் கேட்டு அனுமதி வாங்கு, கேட்காமல் உள்ளே போகாதே.

தலைக்கவசம் கட்டாயம், மோட்டார் ஓட்டும் கவசமாக இருந்தாலும் பரவாயில்லை. காலணிதான் கேள்வி. நான் இடது காலை முன்னால் வைப்பவன், வீட்டில் இருக்கும் மூன்று ஜோடியிலும் இடது கால்தான் கிழிந்திருக்கிறது, ஓட்டையைப் பசை வைத்து அடைத்தால் ஓடும். உன் அளவு என்ன?

—

சிப்புட் பையன் எழுதியது:

எட்டு, அண்ணே. தண்டலை அப்பா கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகலாமாம், சாவி வேண்டாம், கதவே கிடையாது.

—

நாலு சக்கரம் (ஈப்போ) எழுதியது:

எனக்கு ஒன்பது. இரண்டு காலுறை போட்டு வா. அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு வா.

—

பால்மரத்து மகள் எழுதியது:

கோலக்கங்சாரிலிருந்து வர அரை மணி நேரம்தான். அந்தக் கொட்டகையை நான் பார்க்க வேண்டும். தம்பி, உன் பாட்டி இருக்கிறாரா? இருந்தால் ஒரு நாற்காலி போட்டு அவரையும் கூட்டி வா, நான் நாசி லெமாக் கட்டிக்கொண்டு வருகிறேன்.